எழுதிக் கொடுத்த ஒழுக்கம்: காசிமேட்டிலிருந்து ஒரு பெர்லின் நாவல்

வடசென்னையில் ஒருவன் உள்ளே போய்விட்டு வந்தால் அவனைச் சுற்றித் தாள்கள் சேரத் தொடங்கும். நிபந்தனை ஜாமீன் என்றால் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பெயர் ரவுடிப் பட்டியலில் ஏறிவிட்டால் ஹிஸ்டரி ஷீட் என்றொரு கோப்பு உண்டு. இவற்றுக்கு மேல் ஒன்று இருக்கிறது, பாண்டு. குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவின்படி, குற்றம் செய்வதையே வழக்கமாகக் கொண்டவன் என்று போலீஸ் கருதும் ஆளை நிர்வாக நடுவர் முன்னால் நிறுத்துவார்கள். இத்தனை காலம் நன்னடத்தையோடு இருப்பேன் என்று பிணையாட்களோடு அவன் எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகபட்சம் 3 ஆண்டு. 1898ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதற்கு 110தான் எண்; 1973ல் சட்டத்தைப் புதிதாக எழுதியபோதும் எண் மாறவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 129 ஆகியிருக்கிறது. காசிமேட்டிலும் ராயபுரத்திலும் வயதானவர்கள் வாயில் இன்னும் நூத்திப்பத்துதான்.

இந்தப் பாண்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஆல்ஃபிரெட் டோப்ளினின் ‘பெர்லின் அலெக்ஸாண்டர்பிளாட்ஸ்’ நாவலைப் படித்தால், அதன் நாயகன் ஃபிரான்ஸ் பீபர்கோப்பின் நோய் வேறு மாதிரித் தெரிகிறது. 1929ல் எஸ். ஃபிஷர் பதிப்பகம் வெளியிட்ட நாவல் அது. சிமென்ட் வேலையும் சாமான் தூக்கும் வேலையும் பார்த்த பீபர்கோப், தன்னோடு வாழ்ந்த ஈடா என்ற பெண்ணை அடித்துக் கொன்றதற்காக 4 ஆண்டு தேகல் சிறையில் இருந்துவிட்டு 1927ல் வெளியே வருகிறான். வந்த சில நாட்களில் ஒரு சபதம் எடுக்கிறான்: இனி யோக்கியமாகத்தான் வாழ்வேன். எந்த நடுவரும் அவன் முன் தாளை நீட்டவில்லை, பிணையாள் கேட்கவில்லை. தனக்குத் தானே எழுதிக் கொடுத்துக்கொண்ட பாண்டு. அவன் பட்ட பாட்டுக்கெல்லாம் போரைக் காரணம் சொல்லலாம், சிறையைச் சொல்லலாம், குடியைச் சொல்லலாம், அன்றைய ஜெர்மனியின் வேலையில்லாத் திண்டாட்டத்தைச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் நாவலில் இடமிருக்கிறது. ஆனால் அவனை உள்ளிருந்து அரிக்கும் நோய் அந்தச் சபதமே என்று நினைக்கிறேன். மூன்று அடிகள் வாங்கி அது நொறுங்கிய பிறகுதான் அவன் தேறத் தொடங்குகிறான்.

டோப்ளின் இதைத் தெரிந்தே எழுதினார் என்று நம்பக் காரணம் உண்டு. அவர் நரம்பியல், மனநல மருத்துவர். 1878ல் ஸ்டெட்டின் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போனபின், தாய் பிள்ளைகளோடு பெர்லினுக்கு வந்து சேர்ந்தார். 1905ல் டோப்ளின் சமர்ப்பித்த மருத்துவ ஆய்வேடு கோர்சகோஃப் மனநோயில் ஏற்படும் நினைவுக் கோளாறுகளைப் பற்றியது. பெரும்பாலும் நீண்ட காலக் குடியால் வரும் நோய். அதில் நினைவு ஆங்காங்கே அறுந்துபோகும். அறுந்த இடத்தை நோயாளி கட்டுக்கதையால் ஒட்டுப்போடுவார், பொய் சொல்கிறோம் என்ற உணர்வே இல்லாமல். அதன் பிறகு டோப்ளின் பெர்லினின் வட ஓரத்தில் இருந்த பூஹ் மனநல விடுதியில் வேலை பார்த்தார். பிறகு கிழக்கு பெர்லினின் தொழிலாளர் பகுதியில், ஃபிராங்க்ஃபுர்ட்டர் அல்லே சாலையில், காப்பீட்டுச் சீட்டோடு வரும் ஏழை நோயாளிகளுக்குப் பல ஆண்டுகள் வைத்தியம் செய்தார். குற்றவாளிகளோடு தனக்கு நிறையப் பழக்கம் ஏற்பட்டது மருத்துவத் தொழிலால்தான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இப்படிப்பட்டவர் மனவியல் நாவல் எழுதுவார் என்று எதிர்பார்ப்போம். அவரோ மனவியல் நாவலை வெறுத்தார். 1913ல் நாவலாசிரியர்களை நோக்கி எழுதிய ஒரு கட்டுரையில், கோபம், காதல், பொறாமை என்று பெயர் சூட்டி நடத்தைக்கு விளக்கம் கொடுக்கும் பழக்கத்தைச் சாடினார். மனநல மருத்துவர்களைப் பாருங்கள், அவர்கள் நடப்பதைக் குறித்துக்கொள்கிறார்கள், ‘ஏன்’ என்ற கேள்விக்குத் தோளைக் குலுக்குகிறார்கள் என்பது அவர் வாதம். 1924ல், இரண்டு பெண்கள் தோழமையில் இணைந்து ஒருத்தியின் கணவனுக்கு விஷம் வைத்த உண்மை வழக்கை நூலாக எழுதியபோதும் அப்படித்தான்: சான்றுகளையெல்லாம் அடுக்கிவிட்டு, கடைசியில் காரணம் என்று ஒன்றைச் சுட்ட மறுத்தார். மனப்பகுப்பாய்வைத் தெரியாதவர் அல்ல. பெர்லின் மனப்பகுப்பாய்வு வட்டத்தோடு பழக்கம் உண்டு, எர்ன்ஸ்ட் சிம்மலிடம் பகுப்பாய்வுக்கும் உட்பட்டிருக்கிறார். தெரிந்து வைத்துக்கொண்டுதான் தள்ளி நின்றார். ஆகவே பீபர்கோப்பை மனவியல் நோக்கில் படிக்கிறவர் அவன் என்ன நினைக்கிறான் என்பதைவிட, எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறான் என்பதையே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் காட்சியில் அவன் ஒன்றுமே செய்வதில்லை. சிறைவாசலுக்கு வெளியே செங்கல் சுவரில் முதுகைச் சாய்த்து நிற்கிறான். டிராம் வண்டிகள் ஒவ்வொன்றாகப் போகின்றன, ஏறவில்லை. ஒரு வழியாக ஏறி நகரத்துக்குள் வந்ததும் வீட்டுக் கூரைகள் சரிந்து தன்மேல் விழுந்துவிடும் என்ற பீதி. சந்து முற்றங்களுக்குள் ஒதுங்கிக்கொள்கிறான். உள்ளே இருந்தபோது மணி அடித்தால் எழுவது, மணி அடித்தால் படுப்பது என்று உடம்புக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. வெளியே அது இல்லை. தேகல் பெர்லினின் வடமேற்கு விளிம்பு. நம் மத்தியச் சிறை 2006 வரை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே, ஊரின் நடுவில் இருந்தது, 1837ல் கட்டியது. பிறகு புழலுக்குப் போனது, அதுவும் நகரின் வடமேற்கு விளிம்புதான். புழல் வாசலிலிருந்து பஸ் ஏறிக் காசிமேட்டுக்கு வருகிற ஒருவனுக்கு அந்தத் தூரம் எவ்வளவு நீளம் என்பதை டோப்ளினின் முதல் பக்கங்கள் சொல்லிவிடுகின்றன.

அவனை அந்தப் பீதியிலிருந்து முதலில் மீட்பவர் மருத்துவர் அல்ல, முன்பின் தெரியாத ஒரு யூதர். தன் அறைக்குக் கூட்டிப்போய், தரையில் உட்கார்ந்து, ஒரு கதை சொல்கிறார். எளிய வியாபாரியின் மகன் ஒருவன் பேச்சுத் திறத்தாலேயே பிரபுக்களின் உலகத்தில் ஏறிப்போன கதை. கேட்கக் கேட்க பீபர்கோப்புக்கு உயிர் வருகிறது. அதற்குள் இன்னொருவர் வந்து, கதையின் மறுபாதியையும் சொல் என்று பிடிவாதம் பிடித்துத் தானே சொல்லிவிடுகிறார்: அவன் கடைசியில் சிறையில் கிடந்து தற்கொலை செய்துகொண்டான். பீபர்கோப்புக்குத் தெம்பு தந்தது முதல் பாதி. அதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். அறுந்த இடத்தில் ஒட்டுப்போடும் நினைவைப் பற்றி ஆய்வேடு எழுதியவர் இந்தக் காட்சியை முதலில் வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

விட்டுவிட்ட மறுபாதியில் ஈடா இருக்கிறாள். நாவல் நெடுக அவன் ஈடாவுக்காக ஒரு முறையாவது சரியாக அழுதானா என்று தேடிப் பார்க்கலாம். பாலாடை கடையும் மரக் கருவியால் அவள் மார்பில் அடித்ததையும், விலா எலும்புகள் முறிந்து அவள் பல வாரம் கிடந்து செத்ததையும் டோப்ளின் நியூட்டனின் இயக்க விதிகளைக் கொண்டு விவரிக்கிறார்: இத்தனை விசை, இத்தனை முடுக்கம். முதல் வாசிப்பில் கொடூரமான கிண்டல் போலிருக்கும். ஆனால் பீபர்கோப்பின் உள்ளத்தில் அந்தக் கொலை அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. நடந்தது, ஆனால் செய்தவன் யாரும் இல்லை. விடுதலையான கையோடு அவன் போவது ஈடாவின் அக்கா தங்கை உறவில் உள்ள மின்னாவின் வீட்டுக்கு. அங்கே அவளைப் பலாத்காரம் செய்கிறான். அதன் பிறகுதான் அவனுக்கு உடம்பிலும் மனத்திலும் விடுதலை உணர்வு வருகிறது, யோக்கியனாக வாழும் சபதமும் பிறக்கிறது. வரிசையைக் கவனிக்க வேண்டும். குற்றத்தை மூடிய மண்ணின் மேல்தான் சபதம் முளைக்கிறது.

சபதத்தை அவன் மனமாரக் காப்பாற்றப் பார்க்கிறான் என்பதிலும் ஐயமில்லை. டை மாட்டும் சாமான் விற்கிறான், பத்திரிகை விற்கிறான். நாஜிகளின் பத்திரிகையைக்கூடக் கையில் ஸ்வஸ்திகா பட்டையோடு விற்கிறான்; கொள்கை ஒன்றும் கிடையாது, ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான். போலீஸ் அவனை பெர்லினின் சில பகுதிகளில் வசிக்கக் கூடாது என்று விலக்கி உத்தரவு போடுகிறது. கைதிகள் நல அமைப்பின் கண்காணிப்புக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து ஊரில் தங்குகிறான். நம்மூர் ‘கையெழுத்துப் போடப் போறது’ மாதிரிதான். முதல் அடி லூடர்ஸ் என்ற கூட்டாளியின் துரோகம். அற்பமான துரோகம். ஆனால் பீபர்கோப் அறைக்குள் அடைந்து வாரக்கணக்கில் குடிக்கிறான். உலகம் தன் சபதத்துக்கு மரியாதை தரவில்லை என்ற கோபம் அது. நான் யோக்கியனாகிவிட்டேன், அப்படியானால் ஊரும் என்னிடம் யோக்கியமாக நடக்க வேண்டும்: இந்தக் கணக்கு அவன் மனத்தில் எழுதாத ஷரத்தாக இருக்கிறது.

இரண்டாவது அடி ரைன்ஹோல்ட். திக்குவாயன், காபியும் எலுமிச்சைச் சாறும் குடிப்பவன், ஒரு பெண்ணை ஒரு மாதத்துக்கு மேல் சகிக்க முடியாதவன். அவன் சலித்து விடும் பெண்களை பீபர்கோப் வாங்கிக்கொள்கிறான். திருட்டுக் கும்பல் ஒன்று பீபர்கோப்பை ஏமாற்றித் தொழிலுக்குக் கூட்டிப்போகும் இரவில், ரைன்ஹோல்ட் அவனை ஓடும் காரிலிருந்து வெளியே தள்ளுகிறான். பின்னால் வந்த வண்டி ஏறி வலது கை போகிறது. இங்கேதான் நாவலின் மிக விசித்திரமான முடிச்சு. பீபர்கோப் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை, பழிவாங்கவும் இல்லை. ஒற்றைக் கையோடு அவனையே தேடிப்போய்ச் சிநேகம் பிடிக்கிறான். இதை ஒருபால் ஈர்ப்பாகப் படிக்கலாம். நாவலில் அதற்கு இடமுண்டு. தன்னை அழித்தவனிடமே திரும்பிப் போகும் கட்டாயமாகவும் படிக்கலாம். போரிலிருந்து திரும்பிய வீரர்களின் கெட்ட கனவுகளை முன்வைத்து ஃபிராய்ட் 1920ல் அந்தக் கட்டாயத்தைப் பற்றி எழுதினார். டோப்ளினுக்குத் தெரிந்த சிம்மலும் போர்க்கால மனநோயாளிகளை வைத்தே பெயர் பெற்றவர். எனக்கு இன்னொன்றும் படுகிறது. ரைன்ஹோல்ட் தனக்குச் செய்தது, தான் ஈடாவுக்குச் செய்தது போன்றது என்று எங்கோ அடியில் பீபர்கோப்புக்குத் தெரியும். அவனைக் குற்றவாளி என்று சொன்னால் தன்னையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்கு நாவலே ஒரு காட்சியைச் சான்றாக வைக்கிறது. பீபர்கோப் இப்போது மீட்ஸ என்ற இளம்பெண்ணோடு வாழ்கிறான். அவள் உடலை விற்றுச் சம்பாதித்து அவனைக் காப்பாற்றுகிறாள், இருவருக்கும் உண்மையான பிரியம். அவளுடைய விசுவாசத்தைக் காட்டிப் பெருமைப்பட ரைன்ஹோல்டைத் தன் கட்டிலில் ஒளித்துவைக்கிறான். அந்த நேரம் பார்த்து அவள் இன்னொருவனிடம் மனம் போனதைச் சொல்லி அழுகிறாள். பீபர்கோப் அவளை அடிக்கிற அடியில் ஈடா திரும்பி வந்துவிடுகிறாள், தடுப்பவன் ரைன்ஹோல்ட். யோக்கியனின் வீட்டில், ஒளிந்திருந்த சாட்சியின் கண்முன்னால், பழைய கொலை முக்கால்வாசி மறுபடி நடக்கிறது. பிறகு மீட்ஸயை ரைன்ஹோல்ட் ஃபிரையன்வால்டே காட்டுக்குக் கூட்டிப்போய்க் கொல்கிறான். அது மூன்றாவது அடி.

சபதமும் ஒளிந்திருக்கும் சாட்சியும் என்றவுடன் காசிமேட்டிலிருந்து வடக்கே சற்றுத் தூரத்தில் இருக்கும் திருவொற்றியூர் நினைவுக்கு வராமல் போகாது. தியாகராஜசுவாமி கோயிலில் மாசித் திருவிழாவின்போது மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. சேக்கிழார் சொல்லும் கதை தெரிந்ததுதான் என்றாலும், இந்த வாசிப்புக்கு அதன் நுணுக்கங்கள் வேண்டும். திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், ஒற்றியூரில் பூத்தொண்டு செய்த சங்கிலியார்மேல் காதல் கொள்கிறார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. சுந்தரருக்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரியும். பல ஊர்ப் பெருமானைப் பாடித் திரிகிறவர் ஓர் ஊரில் தங்க முடியாது. எனவே நண்பனான சிவனிடம் ரகசியமாகக் கேட்கிறார்: நான் சன்னதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீ அங்கே இராமல் மகிழ மரத்தடிக்குப் போய்விடு. சிவன் சரி என்கிறார். பிறகு சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மகிழின் கீழ் வாங்கிக்கொள் என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்.

சபதத்தில் ஓட்டை வைக்கும் மனத்தை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன கதை எனக்குத் தெரிந்து இல்லை. சுந்தரர் பொய் சொல்ல நினைக்கவில்லை; சாட்சியை மட்டும் அப்புறப்படுத்தப் பார்க்கிறார். பீபர்கோப்பும் அதைத்தான் செய்கிறான். அவன் சபதத்துக்கு ஒரே நியாயமான சாட்சி ஈடா, அவளை அவன் நினைவிலிருந்தே வெளியேற்றிவிட்டான். பிறகு வசந்தம் வருகிறது, திருவாரூர்த் திருவிழா நினைவு வருகிறது, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார், இரு கண்ணும் போகின்றன. பீபர்கோப்புக்குக் கை. வேறுபாடு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. சுந்தரர் கண் போன கணமே காரணத்தைத் தெரிந்துகொள்கிறார். பாடிக்கொண்டே, திட்டிக்கொண்டே, கெஞ்சிக்கொண்டே நடக்கிறார். திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் கிடைக்கிறது. அந்தப் பழைய ஊர் இப்போது பூண்டி நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. கோயிலை வேறிடத்தில் எடுத்துக் கட்டினார்கள். காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண். பீபர்கோப்போ கை போனதற்கு விதியைச் சொல்கிறான், கார் விபத்து என்கிறான், வாயைத் திறக்காமலும் இருக்கிறான். தன் இழப்புக்குப் பெயர் சொல்லி முறையிட அவனுக்கு ஒருவரும் இல்லை.

ஒற்றியூர்க் கதையில் சிவன் நண்பன், உடந்தை, சாட்சி, தண்டனை தருபவன் என்று நான்கு வேடமும் ஏற்கிறார். கடவுள் ஏற்கலாம். தமிழ்நாட்டில் 2013, 2014 ஆண்டு அரசாணைகள் காவல் துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் அதிகாரத்தைக் கொடுத்தன. அதன்படி போலீஸ் அறிக்கை கொடுக்கும், போலீஸ் அதிகாரியே பாண்டு எழுதி வாங்குவார், மீறினான் என்று அவரே முடிவு செய்து மிச்சக் காலத்துக்குச் சிறைக்கு அனுப்புவார். சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் அந்த அரசாணைகளை அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று ரத்து செய்தது. அதிகாரப் பிரிவினை பற்றிய தீர்ப்புதான். ஆனாலும் மனவியலுக்கும் அதில் ஒரு செய்தி உண்டு: தண்டிக்கக் காத்திருப்பவனிடம் கொடுக்கும் வாக்கில் பயம் இருக்கும், கொடுத்தவன் இருக்க மாட்டான்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. வடசென்னை என்றதும் கத்தியும் கைதியும் நினைவுக்கு வருவது சினிமா கொடுத்த நோய். ராயபுரம் ரயில் நிலையம் 1856ல் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. 1918ல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கியது. எண்ணூரில் அனல்மின் நிலையம், மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு, காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம் என்று நகரத்துக்கு வேண்டிய கரியையும் எண்ணெயையும் மீனையும் தூக்கிக் கொடுத்து, சாம்பலை வைத்துக்கொண்ட பகுதி இது. பீபர்கோப்பை இங்கிருந்து படிப்பது இங்கே குற்றம் அதிகம் என்பதால் அல்ல. உழைப்பாளி உடம்பு, நிலையில்லாத வேலை, ஊரைப் பெயர்த்துக்கொண்டே இருக்கும் கட்டுமானம் இரண்டு இடத்திலும் பொது. அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் சுரங்க ரயிலுக்காக நீராவிச் சம்மட்டி நாவல் முழுக்க இரும்புத் தூண்களை அடித்து இறக்கிக்கொண்டிருக்கிறது. இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளில், உள்ளேயிருந்து வந்தவனைப் படகில் சேர்த்துக்கொள்ள மனமுள்ள உரிமையாளரிடமும் வேலை இல்லை.

வெற்றிமாறனின் ‘வடசென்னை’ 2018ல் வந்தபோது அன்பு என்ற பாத்திரத்தில் ஒரு பீபர்கோப் தெரிந்தான். அவனுக்குக் கேரம் போதும். அதை ஆடி ஒரு வேலை வாங்கிவிட்டால் மற்ற எதிலும் கலக்காமல் இருந்துவிடலாம் என்று நினைப்பவன். சிறைக்குள் அதே கேரம் பலகையின் அருகில்தான் செந்தில் என்ற தாதாவைக் குத்துகிறான். ஒதுங்கி நல்லவனாக இருக்க நினைப்பவனை வட்டம் உள்ளே இழுக்கிறது என்ற அளவில் படமும் நாவலும் சேர்ந்தே போகின்றன. பிறகு பிரிகின்றன. படம் ராஜன் என்ற ஊர்த்தலைவனின் கொலை, அவன் மனைவி சந்திராவின் வஞ்சம் என்று ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின்னால் ஒரு சூத்திரதாரியைக் காட்டுகிறது. எல்லாம் விளங்கிவிடுகிறது, அன்பு நிரபராதியாகவே மிஞ்சுகிறான். அது படத்தின் பலம், அதன் எல்லையும்கூட. டோப்ளினிடம் சூத்திரதாரி கிடையாது. ரைன்ஹோல்ட் கெட்டவன் என்பது பீபர்கோப்பைக் கழுவிவிடப் போதவில்லை.

அவனைக் கழுவும் நீர் பெண்களின் ரத்தம் என்பதை நாவலின் பெரிய குறையாகவே சொல்வேன். ஈடா செத்தால் கதை தொடங்குகிறது, மீட்ஸ செத்தால் ஞானம் வருகிறது. மின்னாவின் காயம் இரண்டு பக்கத்தில் முடிந்துபோகிறது. சேக்கிழாரிடமும் சங்கிலியார் சத்தியம் வாங்கியதோடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறார். கண் போனவர் ஊர் ஊராக நடக்கும்போது காவியம் அவரோடு நடக்கிறது, ஒற்றியூரில் விட்டு வந்தவளோடு நிற்கவில்லை. ஆண் மனத்தின் சிதைவையும் மீட்பையும் எழுதுகிறவர்களுக்கு இது பழைய வழக்கம். மனவியல் வாசிப்பும் அந்த வழக்கத்துக்கு எளிதில் துணைபோகும், நோயாளியின் பக்கத்து நாற்காலியில்தானே அது உட்கார்ந்திருக்கிறது.

மீட்ஸயின் கொலை வெளியே வந்த பிறகு, அலெக்ஸாண்டர்பிளாட்ஸில் நடந்த ஒரு சோதனையில் பீபர்கோப் போலீஸைச் சுட்டுப் பிடிபடுகிறான். பிடிபட்டதும் பேச்சு நிற்கிறது, சாப்பாடு நிற்கிறது. பூஹ் விடுதிக்குக் கொண்டுபோகிறார்கள், டோப்ளின் ஒரு காலத்தில் வேலை பார்த்த அதே விடுதி. குழாய் வழியாகக் கஞ்சி இறக்குகிறார்கள், வாந்தி எடுத்துவிடுகிறான். அவன் கட்டிலைச் சுற்றி மருத்துவர்கள் போடும் சண்டை நாவலின் மிகச் சிறந்த நகைச்சுவைப் பகுதி. இளம் மருத்துவர்கள் ஃபிராய்டைப் படித்தவர்கள்: இது மனக்காரணத்தால் வந்தது, உள்ளத்தில் தடை, குழந்தைப் பருவத்துக்குப் பின்வாங்கல், பேசிப் பார்க்கலாம். தலைமை மருத்துவர் பழைய ஆள்: இது உடம்பு நோய், கேட்டடோனியா, பேசி ஒன்றும் ஆகாது. டோப்ளின் இரு தரப்பையும் சமமாகக் கேலி செய்கிறார். கேட்டடோனியாவை கால்பாம் 1874ல் விவரித்தார். கிரேப்ளின் அதை இன்றைய மனச்சிதைவு நோய்க்குள் அடக்கினார். பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்தது. இன்றைய மருத்துவம் அதை வெளியே எடுத்துவிட்டது: கடும் மனச்சோர்வில் வரலாம், உடல் நோய்களில் வரலாம், லோராசிபாம் ஊசிக்கும் மின் அதிர்வுச் சிகிச்சைக்கும் பலர் நன்றாகவே கேட்கிறார்கள். கிழவரும் இளைஞர்களும் ஆளுக்குப் பாதி சரி.

காசிமேட்டில் ஒருவன் இப்படிப் பேசாமல் தின்னாமல் கிடந்தால் முதலில் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், கோயிலோ தர்காவோ மாதா கோயிலோ. பிறகு ஸ்டான்லி ஆஸ்பத்திரி. அதன் பிறகு கீழ்ப்பாக்கம். 1794ல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவரின் விடுதியாகத் தொடங்கி 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மனநலக் காப்பகம் அது. ஊர்ப் பெயரே வசைச்சொல்லாகிவிட்ட அந்த வாசலைத் தாண்டக் குடும்பங்கள் படும் தயக்கத்தைக் குறைத்ததில் டாக்டர் சாரதா மேனனுக்குப் பெரும் பங்கு. 1961 முதல் 1978 வரை அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர். 1984ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி, மருந்துக்குப் பின் வேலையும் வீடும் வேண்டும் என்று வாதாடியவர். மந்திரிக்கிறவர் நோயாளியிடம் கேட்கும் கேள்வி, உன்னைப் பிடித்திருப்பது யார் என்பது. டோப்ளினும் கடைசியில் அந்த வழியையே எடுக்கிறார். மருத்துவர்கள் போன பிறகு பீபர்கோப்பின் கட்டிலருகே சாவு வந்து உட்கார்ந்து பேசுகிறது. திட்டுகிறது. நீ எப்போதும் உன்னை மட்டுமே பார்த்தாய், பலசாலி என்று மார்தட்டினாய், கண்ணைத் திறக்கவில்லை என்கிறது. லூடர்ஸும் ரைன்ஹோல்டும் ஈடாவும் மீட்ஸயும் வரிசையாக வருகிறார்கள். அவன் கதறுகிறான். நாவலில் முதன்முறையாகக் குற்றத்துக்குச் செய்தவன் கிடைக்கிறான்.

எழுந்து வருபவனுக்கு டோப்ளின் புதுப் பெயரே கொடுக்கிறார், ஃபிரான்ஸ் கார்ல் பீபர்கோப். இந்த முறை சபதம் எதுவும் இல்லை. ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் வாசலில் துணைக் காவலாளி வேலை. வீதியில் அணிவகுத்துப் போகிறவர்களைச் சேர்ந்து ஓடாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். திருவொற்றியூரிலும் மணலியிலும் கம்பெனி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி வேலைக்கு இன்று பெரும்பாலும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்கிறார்கள். ஈடாவின் கொலை அதில் இருக்கும், பூஹ் விடுதியின் கோப்பும் கேட்கப்படலாம். அந்த நாற்காலி அவனுக்கு இங்கே கிடைக்காது.

பெர்லினிலும் அது நிலைத்திருக்காது. டோப்ளின், ரைக்ஸ்டாக் என்ற ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த மறுநாள், 1933 பிப்ரவரி 28 அன்று, நாட்டைவிட்டு வெளியேறினார். மே மாதம் அவர் நூல்களைக் கொளுத்தினார்கள். ஜூலையில் வந்த சட்டம் மனச்சிதைவு நோயாளிகளைக் கட்டாயமாக மலடாக்க வழிசெய்தது. நவம்பரில் வந்த சட்டம், வழக்கமான குற்றவாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் காலவரையின்றி அடைத்துவைக்க அனுமதித்தது. கட்டிலருகே நடந்த அந்த வேடிக்கைச் சண்டை ஐந்தே ஆண்டில் வேறொன்றாகிவிட்டது: இளம் மருத்துவர்கள் ஜெயித்திருந்தால் கோப்பில் மனக்காரண நோய், தலைமை மருத்துவர் சொன்னது எழுதப்பட்டிருந்தால் அறுவைச் சிகிச்சை. பூஹ் விடுதியை 1940ல் கலைத்து, அங்கிருந்த நோயாளிகள் பலரை நச்சு வாயுக் கூடங்களுக்கு அனுப்பினார்கள். வாழத் தகுதியற்ற உயிர்களை அழிக்கலாம் என்று 1920லேயே நூல் எழுதி அதற்கு வழி சொன்னவர்கள் இருவர். ஒருவர் கார்ல் பிண்டிங் என்ற சட்டப் பேராசிரியர். மற்றவர் ஆல்ஃபிரெட் ஹோஹே, நினைவுக் கோளாறு பற்றிய அந்த 1905ஆம் ஆண்டு ஆய்வேட்டுக்கு டோப்ளினின் வழிகாட்டியாக இருந்த மனநலப் பேராசிரியர்.